கடைசி அத்தியாயம் முதல் காட்சியானால்: ‘த ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்’ ஓபராவின் அரசியல்

1. நீலாம்பரி

மூன்று வாரமாக ஒரு கேள்வி என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. இங்கே நாவல் படித்தவர்களும் இசை கேட்பவர்களும் இருப்பதால் கொண்டுவருகிறேன்.

மார்கரெட் அட்வுட் 1985-ல் எழுதிய ‘த ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்’ பலருக்குத் தெரிந்திருக்கும், 2017-ல் வந்த தொடர் வழியாகவாவது. அதற்குப் பல வருடம் முன்பே அது ஓபரா, அதாவது வசனத்தையே பாட்டாகப் பாடும் மேலைநாட்டு இசைநாடகம், ஆகிவிட்டது. இசை டென்மார்க்கின் பௌல் ரூடர்ஸ், பாடல்நூல் பால் பென்ட்லி. 2000 மார்ச்சில் கோபன்ஹேகனில் ராயல் டேனிஷ் ஓபரா அரங்கேற்றியது. பென்ட்லி எழுதியது ஆங்கிலத்தில்தான், ஆனால் முதல் மேடையில் டேனிஷ் மொழியில் பாடினார்கள். 2003-ல் லண்டனில் இங்கிலிஷ் நேஷனல் ஓபராவும் அமெரிக்காவில் மினசோட்டா ஓபராவும் ஆங்கிலத்திலேயே மேடையேற்றின.

படிக்காதவர்களுக்காகக் கதை இரண்டு வரியில்: அமெரிக்காவில் ஒரு மதவாதக் கும்பல் ஆட்சியைப் பிடித்து ‘கிலியட்’ குடியரசை அமைக்கிறது. பிள்ளைப்பேறு அரிதாகிவிட்ட காலம். பிள்ளை பெறும் உடல்வாகு உள்ள பெண்களைப் பிடித்து, சிவப்பு அங்கி மாட்டி, அதிகாரிகளின் வீடுகளில் பிள்ளை பெற்றுத்தர வைக்கிறார்கள். இவர்கள்தான் ‘ஹேண்ட்மெய்ட்’கள். அவர்களில் ஒருத்தி ஆஃப்ரெட். அது அவள் பெயரே இல்லை, ‘பிரெட்டுக்கு உரியவள்’ என்ற முத்திரை.

இப்போது என் கேள்வி. நாவலில் அவள் கதை முடிந்த பிறகு ஒரு பின்குறிப்பு வரும். 2195-ல் ஒரு கருத்தரங்கு, கிலியட் விழுந்து வெகுகாலம் ஆகிவிட்டது. பியெக்ஸோட்டோ என்ற பேராசிரியர் அவளுடைய வாக்குமூலத்தை ‘ஆவணம்’ என்று ஆராய்கிறார். ஓபராவில் அந்தக் கருத்தரங்கோடுதான் திரையே உயர்கிறது. புத்தகத்தின் கடைசி, மேடையில் முதலாகிவிட்டது.

மேடை வசதிக்காகச் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. கதையின் அரசியலே இதனால் இடம் மாறுகிறது என்று நினைக்கிறேன். உங்களுக்கு எப்படிப் படுகிறது?

2. ஒற்றைப்பனை

இடம் மாறவில்லை, வலு குறைந்துவிட்டது. இதுதான் என் கருத்து.

நாவலில் அந்தப் பின்குறிப்பு கன்னத்தில் விழுகிற அறை. முந்நூறு பக்கம் அந்தப் பெண்ணோடு ஒரே அறையில் அடைபட்டுக் கிடந்துவிட்டு வெளியே வருகிறோம். வந்த இடத்தில் ஒரு பேராசிரியர் ஜோக் அடிக்கிறார், கூட்டம் சிரிக்கிறது. அவளுக்கு என்ன ஆனது என்பதைவிட அவளை வைத்திருந்த அதிகாரி யார் என்று கண்டுபிடிப்பதில்தான் அவருக்கு ஆர்வம். அந்த அதிகாரியின் கணினியிலிருந்து இருபது பக்கம் அச்செடுத்து வைத்திருக்கக் கூடாதா இவள் என்று அங்கலாய்க்கிறார்! கிலியட்டை நாம் தீர்ப்பிடக் கூடாது, புரிந்துகொள்ள வேண்டும் என்று உபதேசம் வேறு. கடைசியில் கேள்வி ஏதாவது உண்டா என்று கேட்பார், அதோடு நாவல் முடியும்.

அந்தக் கோபம் வர வேண்டுமென்றால் முதலில் அவள் குரலைக் கேட்டிருக்க வேண்டும். ஓபராவில் பேராசிரியர் முதலிலேயே வந்துவிட்டால் அவர்மேல் எனக்கு என்ன கோபம் வரும்? யாரோ ஒருவர் முன்னுரை சொல்கிறார், அவ்வளவுதான். அதோடு, ஆட்சி விழப்போவது எனக்கு முதல் நிமிடமே தெரிந்துவிடுகிறது. ‘எப்படியோ முடிஞ்சிடும்’ என்ற தைரியத்தோடு உட்கார்ந்து பார்க்கலாம். எதேச்சாதிகாரத்துக்குள் மாட்டியவர்களுக்கு அந்தத் தைரியம் கிடையாது. அதைப் பார்வையாளருக்குக் கொடுப்பது தப்பு.

3. இரவுப்பறவை

நான் தொடர் மட்டும்தான் பார்த்திருக்கேன், ஓபரா ஒண்ணுகூட முழுசா கேட்டதில்லை. தப்பா எடுத்துக்காதீங்க, உண்மையிலேயே தெரியாமத்தான் கேக்கறேன். பேசவே கூடாதுன்னு வாயை அடைச்ச பெண்ணோட கதையை ஏன் பாட வைக்கணும்? அவ குசுகுசுன்னு மனசுக்குள்ள சொல்ற கதைதானே அது? நூறு பேர் வாத்தியம் வாசிக்க, தொண்டை கிழியப் பாடினா அந்த ரகசியம் போயிடாதா?

4. கைவிளக்கு

இரவுப்பறவை தம்பி, நல்ல கேள்வி. நான் இசை படித்தவள் இல்லை. என் வேலை வாய்மொழி வரலாறு: பதிவு செய்த ஒலிநாடாக்களைக் கேட்டு எழுத்தில் இறக்குவது. பதினெட்டு வருடமாக இதைத்தான் செய்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

நாவலில் பலர் கவனிக்காமல் போகிற ஒரு விஷயம் இருக்கிறது. ஆஃப்ரெட் எழுதவே இல்லை. எழுதினால் தண்டனை, பேனா கிடையாது, காகிதம் கிடையாது. அவள் சொன்னது கேசட்டுகளில். பின்குறிப்பின்படி மெயின் மாநிலத்தில் பாங்கர் என்ற ஊரில், ராணுவத் தகரப்பெட்டி ஒன்றில் முப்பது கேசட்டு அளவில் கிடைக்கின்றன. பாட்டுக் கேசட்டு மாதிரி வெளியில் தெரியும், நடுவில் அவள் குரல் இருக்கும். வரிசை எண் கிடையாது. பேராசிரியரும் அவர் நண்பரும் கேட்டு, எழுதி, இது முன்னால் இது பின்னால் என்று தாங்களே அடுக்குகிறார்கள். நாம் கையில் வைத்திருக்கும் நாவல் அவர்கள் எழுதி அடுக்கிய பிரதி.

நான் எழுத உட்காரும்போது நடப்பது இதுதான். நாடாவில் ஒரு அம்மா பேசிக்கொண்டே வந்து ஒரு பெயர் வந்ததும் நின்றுவிடுவார். பதினோரு நொடி சத்தமே இருக்காது. பிறகு ஒரு மூச்சு. அதை நான் எப்படி எழுதுவேன்? அடைப்புக்குறிக்குள் ‘மௌனம்’ என்று போடுவேன். அந்தப் பதினோரு நொடியில் இருந்ததெல்லாம் அந்த ஒரு சொல்லோடு போய்விட்டது.

குரலாக இருந்ததை எழுத்தாக்கியவர்கள் அந்தப் பேராசிரியர்கள். ஓபரா அதை மறுபடியும் குரலாக்குகிறது. அதனால்தான் எனக்கு இதைப் பாட வைத்தது அந்நியமாகப் படவில்லை. ஒலிநாடாவை யாரோ முதன்முறையாகச் சுழலவிட்ட மாதிரி இருந்தது. ஒற்றைப்பனை சார் சொல்கிற அறை நாவலில் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஓபராவில் வரிசையைப் பாருங்கள்: முதலில் ஆய்வாளர், பிறகு நாடா ஓடுகிறது, பிறகுதான் அவள். என் மேசையிலும் இதே வரிசைதான். எப்போதும் நான் முதலில் வந்து உட்கார்ந்துவிடுகிறேன், அந்த அம்மாக்கள் அப்புறம்தான் வருகிறார்கள்.

5. நீலாம்பரி

கைவிளக்கு அக்கா, நான் சொல்லத் தெரியாமல் தவித்ததை நீங்கள் சொல்லிவிட்டீர்கள்.

கூத்தில் கட்டியங்காரன் வந்து யார் வரப்போகிறார், என்ன நடக்கப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுவான். அதனால் யாருடைய அழுகையும் குறைவதில்லை. ‘என்ன ஆகும்’ என்ற பதற்றம் போய்விடுவதால் ‘எப்படி இது நடக்க விட்டார்கள்’ என்பதில் கவனம் நிற்கிறது. ஆனால் கட்டியங்காரன் நம் ஆள், பேராசிரியர் அப்படி இல்லை. அவர் மேடையில் பேசும்போது அரங்கில் உட்கார்ந்திருக்கும் நாம்தான் அந்தக் கருத்தரங்கின் கூட்டம். நாவலில் யாரோ சிரிக்கிறார்கள் என்று வாசிக்கிறோம். அரங்கில் அந்த இருக்கைகளில் இருப்பது நாமே.

6. செல்லோ

இசைப் பக்கத்திலிருந்து கொஞ்சம். நான் 2024 இலையுதிர் காலத்தில் சான்ஃபிரான்சிஸ்கோ ஓபராவில் நேரில் பார்த்தேன். கோபன்ஹேகனோடு சேர்ந்து தயாரித்த ஜான் ஃபுல்ஜேம்ஸ் மேடையாக்கம், இசைக்குழுவைக் கேரன் காமென்செக் நடத்தினார், ஆஃப்ரெட்டாக ஐரீன் ராபர்ட்ஸ். டகாபோ நிறுவனம் வெளியிட்ட கோபன்ஹேகன் பதிவும் என்னிடம் இருக்கிறது.

யாருக்கு எந்த ஸ்தாயி கொடுத்திருக்கிறார் என்று பார்த்தாலே ரூடர்ஸின் அரசியல் தெரிந்துவிடும்.

ஆன்ட் லிடியா, அதாவது மற்றப் பெண்களை அடக்கிப் பழக்குகிற பெண், சொப்ரானோ, பெண் குரலில் உச்சஸ்தாயி. சாதாரண உச்சம் இல்லை, காதைக் கிழிக்கிற உயரம். அன்பாக, தாய்மையாகப் பேசுகிற வாக்கியம்கூடத் திடீரென்று மேலே பாய்ந்துவிடும். அதிகாரம் என்றாலே கனத்த ஆண் குரல் என்று ஓபரா நமக்குப் பழக்கியிருக்கிறது. இங்கே அன்றாட வதையைச் செய்வது மிக உயர்ந்த பெண் குரல். ஆஃப்ரெட்டை வீட்டில் வைத்திருக்கும் அதிகாரியான கமாண்டருக்குத்தான் கீழ்ஸ்தாயி, பேஸ். ஆனால் அவர் மிரட்டுவதே இல்லை. ராத்திரியில் ஆஃப்ரெட்டைத் தன் அறைக்கு வரவழைத்து எழுத்துக்கட்டை விளையாட்டு, ஸ்கிராபிள், விளையாடக் கூப்பிடுகிறார். பெண்கள் படிக்கவே கூடாது என்று சட்டம் போட்ட கூட்டத்தின் ஆள் அவர். அவருக்கு அது கிளுகிளுப்பு. அவளுக்கு ஒரு சொல்லைத் தொடுவதே உயிர் திரும்பி வருகிற மாதிரி. அந்த மென்மையான பேஸ் குரலைக் கேட்கக் கேட்க எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

கமாண்டரின் மனைவி செரீனா ஜாய் கான்ட்ரால்டோ, பெண் குரலில் மிகத் தாழ்ந்தது. முன்னாளில் டிவியில் பக்திப் பாட்டுப் பாடியவள், பெண்கள் வீட்டில் இருக்க வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசியவள். அவள் கேட்ட உலகமே வந்துவிட்டது, அந்த உலகத்தில் அவளுக்கும் பேச அனுமதி இல்லை. ஆழமான, அடைபட்ட குரல்.

ஆஃப்ரெட்டுக்கு இரண்டு பாடகிகள். இப்போதைய ஆஃப்ரெட் ஒருத்தி, ‘முந்தைய காலத்து’ ஆஃப்ரெட் இன்னொருத்தி. இருவரும் மெஸ்ஸோ சொப்ரானோ, நடுஸ்தாயிப் பெண் குரல். கணவனும் மகளும் இருந்த அந்தக் காலத்துக் காட்சிகளில் இசை மெத்தென்று ஆகிவிடும், நம் காதுக்குப் பழகிய சுருதிக்கு வந்துவிடும். கிலியட் திரும்பினால் மறுபடி உரசல், ஜபம் போலத் திரும்பத் திரும்ப வருகிற தாளம். ஓரிடத்தில் இருவரும் சேர்ந்து பாடுகிறார்கள். ஒரே பெண், இரண்டு குரல். நாவலில் நினைவுக்கும் நிகழ்காலத்துக்கும் பத்தி மாற்றித்தான் போக முடியும், ஒரே நொடியில் இரண்டையும் ஒலிக்க வைக்க எழுத்தால் ஆகாது.

7. ஒற்றைப்பனை

செல்லோ, கடைசியாகச் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். அது எழுத்துக்குக் கைவராத காரியம்.

ஆனால் எழுத்தால் ஆனது எவ்வளவு இங்கே போய்விட்டது என்றும் பாருங்கள். அவளுடைய எதிர்ப்பு முழுக்கச் சொல்லில்தான் இருக்கிறது. ஒரு வார்த்தையை எடுத்துப் புரட்டிப் பார்ப்பாள், அதன் நான்கு அர்த்தத்தையும் எண்ணுவாள், தன்னைத் தானே திருத்திக்கொள்வாள், ‘இல்லை, இப்படி நடக்கவில்லை, வேறு மாதிரி நடந்தது’ என்பாள். படிக்கத் தடை போட்ட நாட்டில் மனசுக்குள் அகராதி நடத்துகிறாள் அந்தப் பெண். அதுவே ஒரு கலகம். ஓபராவில் சின்னச் சின்னக் காட்சிகளாகச் சம்பவங்கள் ஓடுகின்றன. சடங்கு, பிரசவம், விடுதி, தூக்கு. நினைத்துப் பார்க்க நேரமே இல்லை. அனுபவிக்கிறவளாக மட்டும் அவளை ஆக்கிவிட்டு, யோசிக்கிறவளை விட்டுவிட்டார்கள்.

8. செல்லோ

பாதி உண்மை. சொல்விளையாட்டு போனது போனதுதான், அதற்கு ஈடு இல்லை. ஆனால் கூட்டத்தைக் காட்ட ஓபராவிடம் கோரஸ் இருக்கிறது.

இன்னொரு ஹேண்ட்மெய்டான ஜனீனின் காட்சியை நினைத்துப் பாருங்கள். பயிற்சி மையத்தில், சின்ன வயதில் தனக்கு நடந்த கூட்டு வன்புணர்வை எல்லார் முன்னாலும் அவளைச் சொல்ல வைக்கிறார்கள். சுற்றி நிற்கிற பெண்கள் தப்பு அவளுடையதுதான் என்று ஒரே குரலில் ஓத வேண்டும். நாவலில் ஆஃப்ரெட் அதை வெட்கத்தோடு நினைவுகூர்கிறாள். ஓபராவில் கூட்டுக்குரலின் லயம் காதுக்கு நன்றாக இருக்கிறது, அதுதான் பயங்கரம். என் கால் தாளம் போட ஆரம்பித்துவிட்டது, சட்டென்று நிறுத்தினேன். ஒரு கொடுமையில் கூட்டம் எப்படிச் சேருகிறது என்பதை அந்த அரை நிமிடம் எனக்குக் காட்டிவிட்டது.

இன்னொன்று. 1979-ல் பிரெஞ்சு எழுத்தாளர் காத்தரீன் க்ளெமான் ஓபராவில் பெண்கள் எப்படித் தோற்கடிக்கப்படுகிறார்கள் என்று ஒரு முழுப் புத்தகமே எழுதினார். பழைய ஓபரா நாயகிகளைப் பாருங்கள்: கார்மென் குத்துப்பட்டுச் சாவாள், தோஸ்கா குதித்துச் சாவாள், வியோலெட்டா இருமிச் சாவாள். எல்லாருக்கும் சாகும்போதுதான் மிக அழகான பாட்டு. நாம் கைதட்டுவோம். ஆஃப்ரெட் நம் கண்முன் சாகவில்லை. கறுப்பு வேன் வருகிறது, ஏறுகிறாள். மீட்க வந்தவர்களா, கொல்ல வந்தவர்களா, தெரியாது. அவளை அழகான பிணமாக்கி நம் கையில் கொடுக்க ரூடர்ஸ் மறுத்துவிட்டார். ஓபரா சரித்திரம் தெரிந்தவர்களுக்கு அது பெரிய மறுப்பு.

9. தாழ்வாரம்

தாமதமாக வருகிறேன். வரலாற்றுப் பக்கம் யாரும் தொடவில்லையே.

மனித குலம் எங்கேயும் எப்போதும் செய்திராத எதையும் இந்தக் கதையில் சேர்ப்பதில்லை என்று அட்வுட் விதி வைத்துக்கொண்டார். எழுத ஆரம்பித்தது 1984-ல், சுவர் நின்ற காலத்து மேற்கு பெர்லினில். அப்போது ருமேனியாவில் சர்வாதிகாரி சௌசெஸ்கு 1966-ல் போட்ட 770-ஆம் ஆணை அமலில் இருந்தது: கருக்கலைப்புக்குத் தடை, கருத்தடைக்குக் கட்டுப்பாடு, நாட்டுக்குப் பிள்ளை வேண்டும். 1989-ல் அவர் வீழ்ந்த பிறகுதான் போனது. அர்ஜென்டினாவில் 1976 முதல் 1983 வரை ராணுவ ஆட்சி கர்ப்பிணிக் கைதிகளைப் பிரசவம் வரை உயிரோடு வைத்திருந்து, குழந்தையைத் தங்கள் ஆட்களுக்குக் கொடுத்துவிட்டுத் தாயைக் கொன்றது. சுமார் 500 குழந்தைகள் என்று, பறிபோன பேரப்பிள்ளைகளைத் தேடும் ‘பிளாசா தெ மாயோவின் பாட்டிமார்கள்’ அமைப்பினர் கணக்கு வைத்திருக்கிறார்கள், இன்னமும் தேடுகிறார்கள். கதை நடக்கும் இடம் மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜ், பதினேழாம் நூற்றாண்டில் பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான கிறிஸ்தவப் பிரிவினரின் மண். நாவலைச் சமர்ப்பித்திருக்கும் மேரி வெப்ஸ்டர் அதே மாசசூசெட்ஸில் சூனியக்காரி என்று தொங்கவிடப்பட்டும் உயிர் பிழைத்தவள்.

பைபிளை எடுத்துக்கொள்வோம். கிலியட் என்று எல்லாரும் எழுதுகிறீர்கள், தமிழ் பைபிளில் அது கீலேயாத். அந்த மாதாந்திரச் ‘சடங்கு’ ஆதியாகமம் முப்பதாம் அதிகாரத்தை வைத்து நடக்கிறது: பிள்ளை இல்லாத ராகேல், தன் வேலைக்காரி பில்காளை யாக்கோபுக்குக் கொடுக்கிற இடம். பில்காள் சம்மதித்தாளா என்று அந்த அதிகாரத்தில் ஒரு வரி கிடையாது. சிறு வயதில் ஞாயிறு பள்ளியில் அதைப் பலமுறை வாசித்திருக்கிறேன். அவளைப் பற்றி ஒரு தடவைகூட யோசித்ததில்லை. நான் இன்றும் விசுவாசிதான். இந்த ஓபரா என் விசுவாசத்தைத் தாக்குவதாக எனக்குப் படவில்லை, வேதத்தைப் பூட்டிவைத்து ஒருவர் மட்டும் வாசித்துக் காட்டுகிற ஏற்பாட்டைத்தான் தாக்குகிறது. கீலேயாத்தில் பெண்களுக்கு பைபிளும் தடை என்பதை மறக்க வேண்டாம்.

10. மரகதம்

தாழ்வாரம் அண்ணா ருமேனியா வரை போய்விட்டு வந்தீர்கள், கதை நடக்கிற அமெரிக்காவிலேயே நடந்ததை விட்டுவிட்டீர்களே.

பெயரைப் பறிப்பது, எசமானின் பெயரைப் போடுவது, படித்தால் தண்டனை, பெற்ற பிள்ளையைப் பிடுங்குவது. இதெல்லாம் அமெரிக்காவில் கறுப்பினப் பெண்களுக்குச் சட்டப்படி நடந்தது. 1662-ல் வர்ஜீனியா, தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை என்று சட்டம் போட்டது. தகப்பன் எசமானாகவே இருந்தாலும் சரி. 1740-ல் தென் கரோலினா, அடிமைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதைத் தடை செய்தது. நாவலில் கறுப்பினத்தவர் என்ன ஆனார்கள்? ‘காமின் பிள்ளைகள்’ (காம், பைபிளில் நோவாவின் மகன்) என்ற பெயரில் வட டகோட்டாவுக்கு அனுப்பப்படுகிறார்கள் என்று ஒரு டிவி செய்தி. ஒரு பத்திகூட இல்லை. அவர்களுடைய வரலாற்றை எடுத்து ஒரு வெள்ளைக்காரப் பெண்ணுக்கு அணிவித்துவிட்டு அவர்களைக் கதையை விட்டு வெளியேற்றிவிட்டார்கள். இதை நான் கோபமாகவே சொல்கிறேன். நாவல் எனக்குப் பிடிக்கும், அதனாலேயே இந்தக் கோபம்.

ஆனால் ஓபராவில் ஒரு விஷயம் என்னைத் தடுத்து நிறுத்தியது. ரூடர்ஸ் அங்கங்கே ‘அமேசிங் கிரேஸ்’ மெட்டை உடைந்த கண்ணாடி மாதிரி செருகுகிறார். நாவலிலேயே அந்தப் பாட்டு இருக்கிறது. விடுதலை என்ற சொல் வருவதால் பாடத் தடை. அந்தப் பாட்டை எழுதிய ஜான் நியூட்டன் யார் தெரியுமா? அடிமைக் கப்பலின் கேப்டன். 1748-ல் கடும் புயலில் பிழைத்து மனம் திரும்பினார் என்பார்கள். அதற்கப்புறமும் 1754 வரை அந்த வியாபாரத்தை விடவில்லை. பாட்டு 1772-ல். அடிமை வியாபாரத்தை எதிர்த்து வெளிப்படையாக எழுதியது 1788-ல்தான்.

இனி அந்த மெட்டை டிவி பக்திப்பாடகி செரீனா ஜாயோடு வைத்துக் கேளுங்கள். மன்னிப்பின் பாட்டு, அதை எழுதிய கையில் விலங்குச் சாவி. பாடல்நூல் சொல்லாமல் விட்டதை அந்த மெட்டு சொல்கிறது. ரூடர்ஸ் இதை நினைத்துத்தான் வைத்தாரா என்பது எனக்கு முக்கியமில்லை. மெட்டு தன் வரலாற்றைக் கூடவே இழுத்துக்கொண்டு வருகிறது.

11. தாழ்வாரம்

மரகதம், விட்டது என் தப்பு. சரியாகப் பிடித்தீர்கள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். சின்ன மெட்டுத் துணுக்கு, அதன் பின்கதை தெரிந்தவர்களுக்கு மட்டும் பேசுகிறது. அரங்கில் அந்த மெட்டைக் கேட்டு ‘ஆகா, பழைய பக்திப்பாட்டு’ என்று உருகுகிறவர்கள்தானே பாதிப் பேர் இருப்பார்கள்? நாவல் செய்த விடுபடலை மெட்டு ஈடுகட்டிவிட்டது என்று நாம் சொன்னால், அது நமக்கு நாமே கொடுத்துக்கொள்ளும் சமாதானம் ஆகிவிடாதா?

12. மரகதம்

ஈடுகட்டிவிட்டது என்று நான் சொல்லவில்லை அண்ணா. காயம் எங்கே என்று விரல் வைத்துக் காட்டுகிறது, அவ்வளவுதான். மருந்து போடவில்லை. தொடரில் எல்லா நிறத்தவரும் நடித்தார்கள், நிற ஒதுக்கலையே கதையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதைவிட இந்த உடைந்த மெட்டு எனக்கு நேர்மையாகப் படுகிறது.

13. இரவுப்பறவை

இவ்வளவு இருக்குன்னு நினைக்கவே இல்லை. ஒரு சந்தேகம். ஹேண்ட்மெய்ட், ஆன்ட், இதெல்லாம் தமிழ்ல எப்படிச் சொல்வீங்க? ‘பணிப்பெண்’ணுன்னு ஒரு இடத்துல படிச்சேன், ஹோட்டல் வேலை மாதிரி இருந்துச்சு.

14. தாழ்வாரம்

‘சேடி’ என்றால் அரண்மனை வாசனை வரும், ‘தாதி’ என்றால் பிள்ளை வளர்ப்பவள். இரண்டும் பொருந்தாது.

ஆனால் தமிழ் பைபிள் இந்தச் சிக்கலை என்றோ தீர்த்துவிட்டது. லூக்கா முதல் அதிகாரத்தில் தேவதூதனுக்கு மரியாள் சொல்லும் பதிலில், பழைய ஆங்கில பைபிள் ஹேண்ட்மெய்ட் என்ற இந்தச் சொல்லைத்தான் போடுகிறது. ஆங்கிலத்தில் அது பணிவும் புனிதமும் கலந்த சொல். தமிழில் என்ன? ‘இதோ, நான் ஆண்டவருக்கு அடிமை.’ கீலேயாத் அழகான சொல்லால் மூடிவைத்ததைத் தமிழ் மூடாமல் சொல்கிறது. அடிமை என்ற சொல்லைப் போட்டுவிட்டால் மரகதம் கேட்ட கேள்வி தலைப்பிலேயே வந்து உட்கார்ந்துவிடும்.

ஆன்ட் இன்னும் கஷ்டம். ஆங்கிலத்தில் ஒரே சொல். நாம் அத்தையா, சித்தியா, பெரியம்மாவா, மாமியா என்று முடிவு செய்தாக வேண்டும். நான் ‘பெரியம்மா’ என்பேன். அன்பு, வயது, அடிக்கிற உரிமை மூன்றும் அதில் இருக்கிறது. கையில் மின்சாரத் தார்க்கோலோடு ஒரு பெரியம்மா. உறவுமுறைச் சொல்லை ஓர் அரசு திருடிக்கொண்டால் என்ன ஆகும் என்று அப்போது விளங்கும்.

15. நீலாம்பரி

பெரியம்மா! படிக்கும்போதே குளிர்கிறது.

என் முதல் கேள்விக்கே திரும்புகிறேன். 2022 ஏப்ரலில் லண்டனில் இதைப் புதிதாக மேடையேற்றினார்கள், இயக்கம் அனலீஸ் மிஸ்கிமன். அதில் பேராசிரியராக நடித்தது கமீல் கோத்தன், பிரெஞ்சு நடிகை. பேச்சுப் பாத்திரம்தான், பாட்டு இல்லை. ஆண் பேராசிரியரின் அசட்டு நகைச்சுவை ஒரு பெண்ணின் வாயில் வரும்போது என்ன ஆகிறது? கேலியின் நஞ்சு குறைந்துவிட்டது என்று சிலர் சொல்லலாம். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. ஆணாக இருந்தால் ‘இவர் ஆண், அதனால் இப்படி’ என்று தள்ளிவிடலாம். பெண்ணாக இருக்கும்போது தள்ள முடியவில்லை. சுதந்திரமாகப் பிறந்து, படித்து, பதவிக்கு வந்த ஒரு பெண்ணும் அந்த நாடாக்களை வெறும் தரவாகக் கேட்கலாம்.

அந்த மேடையேற்றம் முடிந்து சில வாரங்களில், ஜூன் 24 அன்று, அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1973-ன் கருக்கலைப்பு உரிமைத் தீர்ப்பை ரத்து செய்தது. சிவப்பு அங்கியும் வெள்ளைத் தொப்பியும் அதற்கு முன்பே போராட்ட உடையாகத் தெருவுக்கு வந்துவிட்டன: 2017-ல் டெக்சஸ் சட்டமன்றத்தில், 2018-ல் அர்ஜென்டினாவில். இன்று அந்த ஓபராவுக்குப் போகிறவர்கள் அந்த அங்கியைச் செய்தியில் பார்த்துவிட்டுப் போகிறார்கள். 2000-ல் கோபன்ஹேகனில் அது வெறும் மேடை உடை.

16. செல்லோ

அதை நான் அனுபவித்தேன். நான் பார்த்தது 2024 தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பு. அந்த நவம்பரில் பத்து மாநிலங்களில் கருக்கலைப்பு பற்றி வாக்கெடுப்பு இருந்தது. இடைவேளையில் யாரும் இசையைப் பற்றிப் பேசவில்லை. எனக்கு முன்வரிசையில் ஒரு வயதான அம்மா எழுந்திருக்கவே இல்லை, நிகழ்ச்சிக் கையேட்டை மடியில் மூடிவைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

இன்னொரு மேடையாக்கத்தையும் சொல்ல வேண்டும், அது நான் பார்க்காதது. 2019-ல் பாஸ்டன் லிரிக் ஓபரா இதை அரங்கத்தில் நடத்தாமல் ஹார்வர்டின் கூடைப்பந்து உள்ளரங்கில் நடத்தியது. நாவல் தொடங்குவதே பழைய உடற்பயிற்சிக் கூடத்தில்தான், பெண்களை அங்கே கட்டிலில் அடைத்து வைத்திருப்பார்கள். கதையில் பிணங்களைத் தொங்கவிடுகிற சுவரும் ஹார்வர்டின் சுவர்தான். படிப்புக்குப் பேர்போன இடம் படிப்பைத் தடை செய்த ஆட்சிக்கு இருப்பிடமாகிறது. அதே ஹார்வர்டில், அதே மாதிரி மரத்தரையில் உட்கார்ந்து அதைக் கேட்டவர்களை நினைத்துக்கொள்கிறேன்.

17. ஒற்றைப்பனை

நேற்று ராத்திரி பதிவை மறுபடி ஒரே மூச்சில் கேட்டேன். இந்த முறை கைவிளக்கு அம்மா சொன்னதை மனதில் வைத்துக்கொண்டு.

சொல்விளையாட்டு போனது இன்னமும் எனக்கு இழப்புதான், அதில் மாற்றமில்லை. ஆட்சி விழும் என்று முதலிலேயே தெரிவது தைரியம் தருகிறது என்று சொன்னேனே, அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஆட்சி விழுந்ததால் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் பெயர்கூடத் திரும்பி வரவில்லை. பேராசிரியர் அதை முதல் நிமிடமே சொல்லிவிடுகிறார், எனக்குத்தான் காதில் விழவில்லை. நான் ஆட்சியைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன்.

கைவிளக்கு அம்மா, ஒன்று கேட்க வேண்டும். அந்தப் பதினோரு நொடியை அடைப்புக்குறிக்குள் போட்டீர்களே, அந்த நாடா இன்னும் இருக்கிறதா?

18. கைவிளக்கு

இருக்கிறது சார். பெட்டியில் எண் போட்டு வைத்திருக்கிறோம். எழுத்துப் பிரதி கேட்டுப் பலர் வந்திருக்கிறார்கள், நாடாவைக் கேட்க இதுவரை இரண்டு பேர்தான் வந்தார்கள். ஒருத்தி அந்த அம்மாவின் பேத்தி.

19. இரவுப்பறவை

நான் இன்னிக்கு ராத்திரி கேக்கப் போறேன். முழுசாக் கேக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு இடம் கேக்கணும்னா எது?

20. செல்லோ

இரண்டு ஆஃப்ரெட்டும் சேர்ந்து பாடுகிற இடம். ஹெட்போனில் கேளுங்கள், அறையில் விளக்கை அணைத்துவிட்டு. எந்தக் குரல் இன்றையது, எந்தக் குரல் அன்றையது என்று முதல் முறையே பிரிக்கப் பார்க்காதீர்கள்.